ஆமையின் நினைவும் எட்டாம் எழுத்தும்: ஊர்வன மூளையில் ஓர் ஓமோனின் பாடபேதங்கள்

மீன் தன் முட்டையைப் பார்வையாற் பொரிக்கும், பறவை தன் உடற்சூட்டாற் பொரிக்கும், ஆமையோ நினைவாற் பொரிக்கும் என்பது தமிழ்ச் சைவ மரபில் நெடுங்காலமாக வழங்கிவந்த கருத்து. நயனதீக்கை, பரிசதீக்கை, மானசதீக்கை ஆகிய மூன்றனையும் மாணாக்கருக்கு விளக்கப் புகுந்த ஆசிரியர்கள் இவ்வுவமைகளையே கையாண்டனர். உவமையின் பிறப்பிடத்தைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கடலாமை இரவிற் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றது. பின்னர் அது அவ்விடத்துக்கு வருவதில்லை. ஏறத்தாழ 50, 60 நாட்கள் கழிந்தபின் குஞ்சுகள் தாமாகவே மணலைக் கிளறிக்கொண்டு வெளிவருகின்றன. தாய் அருகில் இல்லை. ஆயினும் குஞ்சு பொரிக்கின்றது. இவ்விரண்டையும் கண்ட கடற்கரை மனிதன் இடையிலிருந்த வெற்றிடத்தை 'நினைவு' என்னும் சொல்லால் நிரப்பினான். அவனது அவதானம் சரியானது. விளக்கம் கருத்துமுதல்வாதத்தின்பாற் பட்டது. பொரிக்கச் செய்வது மணலின் வெப்பமே. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் கடலாமைகளில் அவ்வெப்பமே தீர்மானிக்கின்றது.

எனினும் ஆமையின் மூளைக்கும் முட்டைக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. தொடர்பு உண்டு. அது முட்டை பொரிக்கும் கட்டத்தில் அன்றி, முட்டை உருவாகும் கட்டத்திற் செயற்படுகின்றது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கசியும் ஒரு சிறு இரசாயனப் பொருளே சூலகத்தையும் விதையையும் பருவத்துக்குப் பருவம் விழிக்கச் செய்கின்றது என்பதை இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் நிறுவியது. இதைக் கேட்டவுடன், 'எமது முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர்' என்று மகிழ்வோர் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. முன்னோரின் அவதானத்தை மதிப்பது ஒன்று. அவர்கள் செய்யாத ஆய்வை அவர்கள்மீது ஏற்றிக் கூறுவது வேறொன்று. பின்னது முன்னோருக்கும் பெருமையன்று, ஆய்வுகூடத்தில் உழைத்தோருக்கும் நீதியன்று.

முல்லைத்தீவை அடுத்துள்ள தண்ணீரூற்றை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம். முள்ளியவளையோடு ஒட்டி, ஒருபுறம் காடும் வயலும் மறுபுறம் நந்திக்கடலும் கடற்கரையுமாக அமைந்த இப்பகுதியில் ஊர்வன என்பவை பாடநூற் சித்திரங்கள் அல்ல. வேலிக் கதியாலில் ஓணானும், பற்றைக்குள் உடும்பும், வன்னிக் குளங்களில் முதலையும், கடலில் ஆமையும் மனிதரோடு நிலத்தையும் நீரையும் பகிர்ந்து வாழ்கின்றன. சங்கப் பாடல்களின் பாலைவழிகளிற் காணப்படும் 'ஓந்தி'யும் இந்த ஓணானின் இனத்தைச் சார்ந்ததே. அதே ஓணான் சிறுவர்களின் கல்லடிக்கும் உரியதாயிற்று. ஈழத்து ஆமைகளையும் முதலைகளையும் பற்றி பி. ஈ. பி. தெரணியகல 1939-இல் வெளியிட்ட பெருநூல் இவற்றின் உடலமைப்பையும் வாழ்க்கையையும் விரிவாகப் பதிவு செய்தது. ஆனால் அவற்றின் மூளையினுள் நிகழ்வது பற்றிய வினா அக்காலத்தில் எங்கும் தெளிவாக எழுந்திருக்கவில்லை.

அவ்வினாவுக்கு அடித்தளமிட்டவர் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஜெப்ரி ஹரிஸ். மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியையும் கபச்சுரப்பியையும் இணைக்கும் மிக நுண்ணிய குருதிக் கலன்களின் வழியே இரசாயனக் கட்டளைகள் செல்கின்றன என்பதை 1940-களிலும் 1950-களிலும் அவர் பரிசோதனைகளால் வலியுறுத்தினார். 1955-இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்குத் திருப்புமுனையாயிற்று. கபச்சுரப்பி விடுக்கும் ஓமோன்கள் சனனிகளைத் தூண்டுகின்றன. அக்கபச்சுரப்பியையே தூண்டுவது மூளையிலிருந்து வரும் மற்றோர் ஓமோன். இதனைச் சனனித்தூண்டி விடுவிப்பு ஓமோன் என்பர். இனி விடுவிப்பு ஓமோன் என்றே சுருக்கமாகக் குறிப்போம். மழை, ஒளி, வெப்பம், உணவு, அச்சம் முதலான புறவுலகச் செய்திகள் உடலினுள் இனப்பெருக்கமாக மொழிபெயர்க்கப்படும் வாயில் இது. சூழலுக்கும் உயிருக்கும் இடையிலான இயங்கியல் உறவைப் பற்றிப் பேசும் எவரும் இச்சிறு பொருளைக் கவனியாது விடுவதற்கில்லை.

ஹரிஸ் இதன் இருப்பைக் காட்டினார். இதன் உருவை எவரும் கண்டிலர். ஒரு மூளையில் இருக்கும் அளவு அத்துணைச் சிறியது. இங்கேதான் கதை ஆய்வுகூடத்தை விட்டுக் கசாப்புக்கூடத்துக்குச் செல்கின்றது. அமெரிக்காவில் இரு குழுக்கள் ஒன்றோடொன்று கடும் போட்டியில் இறங்கின. பிரான்சிற் பிறந்த ரோஜர் கில்லமினின் குழு ஆட்டு மூளைகளைத் திரட்டியது. போலந்திற் பிறந்த அன்ட்ரூ ஷாலியின் குழு பன்றி மூளைகளைத் திரட்டியது. ஷாலிக்கு அவற்றை வழங்கியது ஒஸ்கார் மேயர் என்னும் இறைச்சி நிறுவனம். கேடயச் சுரப்பியோடு தொடர்புடைய வேறொரு விடுவிப்பு ஓமோனில் ஒரே ஒரு மில்லிகிராமைப் பெறுவதற்குக் கில்லமினின் குழு ஏறத்தாழ 3,00,000 ஆடுகளின் மூளைத்துண்டுகளைப் பதப்படுத்த வேண்டியிருந்தது. நாம் பேசும் ஓமோனுக்காக ஷாலியின் குழு 1,60,000-க்கு மேற்பட்ட பன்றிகளின் மூளைத்துண்டுகளைக் கையாண்டு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே தூய பொருளைப் பெற்றது.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மேதையின் மின்னற்பொறியால் விஞ்ஞான உண்மை பிறக்கின்றது என்னும் கதையை இவ்வெண்கள் ஏற்க மறுக்கின்றன. பெருந்தொகையாக விலங்குகளை ஒரே கூரையின்கீழ் வெட்டும் இறைச்சித்தொழில், குளிர்சாதன வாகனங்கள், வெட்டும் வேகத்தோடு ஈடுகொடுத்து மூளையடியைப் பிரித்தெடுத்த பெயரறியாத் தொழிலாளர் கைகள் ஆகியன இன்றி இவ்வோமோன் கண்டறியப்பட்டிராது. விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றி ஜே. டி. பெர்னால் 1939-இலேயே எழுதியதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடுவது கடினம்.

1971-இல் ஷாலியின் குழு ஓமோனின் அமைப்பை வெளியிட்டது. அவ்வாண்டின் முதன்மையான அறிக்கையில் மட்சுவோ, பாபா, நாயர், அரிமுரா ஆகியோரின் பெயர்கள் ஷாலியின் பெயருக்கு முன்னே நிற்கின்றன. எழுத்தெழுத்தாக அமைப்பை வாசித்ததில் ஹிசாயுகி மட்சுவோவின் பங்கு தலையாயது. கில்லமினின் குழுவும் ஆட்டு மூளையில் அதே அமைப்பைக் கண்டது. 1977-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி இவ்விருவருக்கும், மறுபாதி ரொசலின் யாலோவுக்கும் கிடைத்தது. யாலோவும் சொலமன் பெர்சனும் சேர்ந்து உருவாக்கிய நுண்ணளவீட்டு முறை பற்றிப் பின்னர் கூறுவோம். பெர்சன் 1972-இற் காலமானதால் பரிசிற் பங்குபெறவில்லை. மட்சுவோவின் பெயரை இன்று துறைசார்ந்தோரன்றிப் பிறர் அறியார்.

கண்டறியப்பட்ட பொருள் யாது? பத்து அமினோவமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. தமிழ் பயின்ற நமக்கு இதனைப் பத்தெழுத்துச் சொல் எனக் கருதுவது இலகு. சொல்லின் தொடக்கமும் இறுதியும் இரசாயன முறையில் மூடப்பட்டுள்ளன. நடுவில் உள்ள எழுத்துகளுள் எட்டாம் இடத்தில் இருப்பது ஆர்ஜினின். பன்றியிலும் ஆட்டிலும் இதே சொல் காணப்பட்டதனால், முதுகெலும்புள்ள உயிர்கள் யாவற்றுக்கும் இதுவே சொல் என எண்ணுவது இயல்பாயிற்று. கசாப்புக்கூடத்திற் கிடைத்த பிரதி மூலப்பிரதியாகக் கொள்ளப்பட்டது.

இலக்கிய ஆய்வாளர்களாகிய நமக்கு இத்தவறு புதியதன்று. கைக்கு முதலில் எட்டிய ஏட்டைக் கொண்டே ஒரு நூலைப் பதிப்பித்துவிட்டு, பிற்பாடு வேறு ஏடுகள் கிடைத்தபோது பாடங்கள் மாறக்கண்டு திகைத்த கதை நமது பதிப்பு வரலாற்றில் உண்டு. 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அதே ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் ஊரூராகப் பிரதிகளைத் தேடியதன் காரணம் இதுவே. மார்க்சியரும் கணிதவியலாளருமான டி. டி. கோசாம்பி பர்த்ருஹரியின் செய்யுட்களை 1948-இற் பதிப்பித்தபோது, நூற்றுக்கணக்கான ஏடுகளை ஒப்பிட்டு அவற்றைக் கிளைகளாக வகுத்தார். பாடபேதம் என்பது பிழைகளின் குவியல் அன்று, அது ஒரு வம்சாவளி என்பதை அவரது பதிப்பு நமக்கு உணர்த்துகின்றது. உயிரியலாளர்கள் அடுத்துச் செய்தது அதே வேலையே. அவர்களின் ஏடுகள் கோழியின் மூளையும், மீனின் மூளையும், ஊர்வனவற்றின் மூளையும்.

பிரதிகளை ஒப்பிட வாசிப்புக் கருவி வேண்டும். யாலோ, பெர்சன் முறையின் சாரம் இது: குறித்த ஓமோனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை முயல் போன்ற விலங்கின் குருதியிலிருந்து பெறுகின்றனர். கதிரியக்கக் குறியிட்ட ஓமோனும் ஆய்வுக்குரிய மூளைச்சாற்றில் உள்ள ஓமோனும் அவ்வெதிரிக்காகப் போட்டியிடுகின்றன. எஞ்சும் கதிரியக்கத்தை அளந்தால் சாற்றில் உள்ள ஓமோனின் அளவு தெரியும். ஒவ்வொரு பிறபொருளெதிரியும் சங்கிலியின் ஒவ்வொரு பகுதியை இனங்காண்கின்றது. தலையையும் வாலையும் பற்றும் எதிரி, நடுவெழுத்து மாறினும் ஓமோனை ஏற்றுக்கொள்ளும். எட்டாம் எழுத்தைப் பற்றும் எதிரியோ அங்கு மாற்றம் உண்டாயின் கைவிட்டுவிடும். இரு எதிரிகளும் ஒரே மூளைச்சாற்றில் வெவ்வேறு விடை தருமாயின், சொல்லின் நடுவே பாடம் மாறியுள்ளது என்பது தெளிவு.

இவ்வழியைத் துணைக்கொண்டு கேப்ரவுண் பல்கலைக்கழகத்தில் ஜூடி கிங், றொபேட் மில்லர் ஆகிய இருவரும் 1979-இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டனர். தவளையின் மூளையில் உள்ள ஓமோன் முலையூட்டிகளினதை ஒத்திருந்தது. பறவை, ஊர்வன, மீன் ஆகியவற்றின் ஓமோன் வேறாக இருந்தது. இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடத்தை நாம் கூறாது கடக்க இயலவில்லை. அது இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்கா. சோவெற்றோ மாணவர் எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. 1980 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்நாட்டுடன் கல்வி, பண்பாட்டு உறவுகளைத் துண்டிக்குமாறு கோரியது. மூலக்கூறின் எட்டாம் எழுத்தை அரசியல் மாற்றிவிடாது என்பது உண்மையே. ஆயினும் எவருக்கு ஆய்வுகூடத்தின் கதவு திறந்திருந்தது, எவருக்கு அது மூடியிருந்தது என்னும் வினா விஞ்ஞான வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

முடிவின் உட்கருத்துக்கு வருவோம். மீன், தவளை, ஊர்வன, பறவை, முலையூட்டி, உச்சியில் மனிதன் என உயிர்களை ஓர் ஏணியாக அடுக்கும் வழக்கம் டார்வினுக்குப் பின்னரும் மறையவில்லை. அவ்வேணி சரியாயின் ஊர்வனவற்றின் ஓமோன் தவளைக்கும் முலையூட்டிக்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். உண்மை அவ்வாறில்லை. 1982-இல் கோழியின் ஓமோன் வாசிக்கப்பட்டபோது எட்டாம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாகக் குளூட்டமின் இருப்பது தெரியவந்தது. கேப்ரவுண் குழுவும் ஜப்பானில் மியமோட்டோ குழுவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதனை அறிவித்தன. ஊர்வனவற்றிலும் பின்னர் இதே குளூட்டமின் பாடமே உறுதியாயிற்று. தவளையும் பன்றியும் ஒரே பாடத்தைப் பகிர்கின்றன எனில், நிலவாழ் முதுகெலும்பிகளின் பழைய பாடம் ஆர்ஜினின் என்றும், ஊர்வனவும் பறவைகளும் தோன்றிய கிளையிலேயே அது மாறியது என்றும் கொள்வதே பொருத்தம். அஃதாவது இவ்வெழுத்தைப் பொறுத்தவரை, 'முன்னேறிய' முலையூட்டி தவளையின் பழம்பாடத்தைக் காத்துக்கொண்டிருக்கின்றது. 'பின்தங்கிய' ஓணானின் இனமே புதுப்பாடத்தை எழுதியது. கூர்ப்பு ஏணியன்று, கிளைவிடும் மரம் என்பதற்கு இச்சிறு எழுத்து சான்று பகர்கின்றது.

கோழி மூளை மேலும் ஒரு வியப்பை வைத்திருந்தது. 1984-இல் மியமோட்டோவின் குழு அங்கே இரண்டாவது விடுவிப்பு ஓமோன் ஒன்றைக் கண்டது. ஐந்தாம் இடத்தில் ஹிஸ்டிடின், ஏழாம் இடத்தில் திரிப்டோபன், எட்டாம் இடத்தில் தைரோசின். பன்றியின் சொல்லை 1971-இல் வாசித்த அதே மட்சுவோ இக்குழுவிலும் இருந்தார். ஒரே மூளையில் இரு பாடங்கள்! ஏட்டின் ஓரத்தில் மற்றொரு பாடத்தையும் குறித்துவைத்த பழைய எழுத்தாளரை இது நினைவூட்டுகின்றது. இதற்குச் சற்று முன்னர், 1983-இல், நான்சி ஷெர்வூட்டும் சகாக்களும் சமன் மீனின் மூளையிலிருந்து ஏழில் திரிப்டோபனும் எட்டில் லியூசினும் கொண்ட மற்றொரு வடிவத்தை வாசித்திருந்தனர்.

இவ்வளவும் தெரிந்தபின் ஊர்வன மூளையின் முறை வந்தது. பௌல், கிங், மில்லர் முதலியோர் 1985-இலும், இத்தாலிய, அமெரிக்க ஆய்வாளரையும் இணைத்துக்கொண்டு 1986-இலும் வெளியிட்ட கட்டுரைகள், ஊர்வன மூளையில் ஓமோன் ஒன்றல்ல, பல என்பதைக் காட்டின. முறை இதுவே: மூளைச்சாற்றை மிகுந்த அழுத்தத்தில் ஒரு நுண்குழாயினூடாகச் செலுத்துவர், வெவ்வேறு மூலக்கூறுகள் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். செயற்கையாகச் செய்த கோழி வடிவங்களும் சமன் வடிவமும் வெளிவரும் நேரத்தோடு அவற்றை ஒப்பிடுவர்; பின் பலவகைப் பிறபொருளெதிரிகளால் சோதிப்பர். அமெரிக்க முதலையில் கோழியின் இரு வடிவங்களையும் ஒத்தவை தென்பட்டன. அரணை, பல்லி இனங்களில் நிலைமை அத்துணை சீராக இல்லை. சமன் மீனின் வடிவத்தை ஒத்த ஒன்றும் ஊர்வன மூளையில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது.

இக்கடைசி முடிவைப் பற்றி ஒரு சொல். வெளிவரும் நேரம் ஒத்திருப்பதும் எதிரி ஏற்றுக்கொள்வதும் ஒற்றுமைக்குச் சான்றே, ஒருமைக்குச் சான்றல்ல. எழுத்து வடிவம் மயங்குவதால் ரகரத்தைக் காலாக வாசித்த ஏட்டுப் படிப்பாளரை நாம் அறிவோம். அண்மைக் காலத்தில் மரபணுத் தொகுதிகள் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, சமன் வடிவத்துக்குரிய மரபணு எலும்பு மீன்களிடையே காணப்பட்டதேயன்றி ஊர்வனவற்றில் அகப்படவில்லை. நிலவாழ் உயிர்களின் கிளையில் அது தொலைந்துபோயிற்று என்பதே இன்றைய கணிப்பு. 1985-இன் வாசிப்பைத் திருத்தவேண்டி வந்ததால் அதனைச் செய்தவர்களின் மதிப்புக் குறைவதில்லை. கிடைத்த கருவியால் அவர்கள் படித்தார்கள். கருவி வளர்ந்தபோது பாடம் திருந்தியது. நமது பதிப்பாசிரியர்களிற் சிலர் இவ்வளவு எளிதாகத் திருத்தத்தை ஏற்பவரல்லர் என்பது வேறு கதை.

ஊர்வன ஒன்றின் மூளையிலிருந்தே ஓமோனைத் தூய்மைப்படுத்தி எழுத்தெழுத்தாக வாசித்த பணி 1991-இல் நிறைவுற்றது. லவ்ஜோய், ஷெர்வூட் ஆகியோரும், முதலை பற்றிய ஆய்வில் நெடுநாள் ஈடுபட்ட வலன்டைன் லான்ஸ் உள்ளிட்ட பலரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அமெரிக்க முதலையின் இரு ஓமோன்களும் கோழியின் இரண்டோடும் ஓரெழுத்தும் பிசகாது ஒத்திருந்தன. முதலையும் பறவையும் நெருங்கிய உறவினர் என்னும் எலும்பியலாளரின் முடிவோடு இது இசைந்தது. ஆராயப்பட்ட ஊர்வன முதலையாக அமைந்ததை முற்றிலும் தற்செயல் என்று கொள்ள நமக்கு மனமில்லை. அமெரிக்காவில் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் ஆயிரக்கணக்கிற் கொல்லப்படும் ஊர்வன அதுவே. பன்றி, ஆடு, கோழி, சமன், முதலை என்னும் வரிசையை மீண்டும் ஒருமுறை பார்த்தால், அது உயிரியல் வரிசை என்பதைவிடச் சந்தைப் பட்டியல் எனலே பொருந்தும். சந்தைக்கு வராத ஓணானும் உடும்பும் பாம்பும் நெடுங்காலம் வரிசையின் கடைசியில் நின்றன. ஒரு மூளையிலிருந்து சிறுதுளி மரபணுப் பொருள் போதும் என்ற நிலை வந்த பின்னரே நிலைமை மாறியது. 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர் சிறுத்தைப் புள்ளிகளையுடைய ஒரு பல்லியினத்தில் இரண்டாம் வடிவத்துக்குரிய மரபணுவை இனங்கண்டனர்.

பெயர்களிலும் இச்சந்தையின் தழும்பு ஆழமாகப் பதிந்துள்ளது. முதலிற் கண்ட வடிவத்துக்கு 'முலையூட்டி வடிவம்' எனப் பெயரிட்டனர்; அது தவளையிலும் உள்ளது. முலையூட்டிகள் யாவும் அதனைத் தவறாது பேணுவதும் இல்லை. கினிப்பன்றியில் இரண்டாம், ஏழாம் எழுத்துகள் மாறியுள்ளன. 'கோழி இரண்டாம் வடிவம்' என்ற பெயரோ இன்னும் விந்தையானது. எலும்பு மீன் முதல் மனிதன் வரை இவ்வடிவம் மாறாது காணப்படுகின்றது. மனிதனில் அதன் மரபணு 1998-இல் இனங்காணப்பட்டது. 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாக எழுத்து மாறாது நின்ற சொல், யாவற்றினும் பழைய பாடங்களுள் ஒன்று, கோழியின் பெயரைச் சுமக்கின்றது. காரணம் ஒன்றே: அதனை முதலிற் படித்தவரின் கையில் இருந்தது கோழியின் மூளை. பிற்காலத்தில் ஓமோன்களை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடும் முறை வந்தது. ஆயினும் பழைய பெயர்கள் கட்டுரைகளில் தொடர்ந்து வாழ்ந்தன. சுவடியை வைத்திருந்த மடத்தின் பெயராலேயே பாடத்தை அழைக்கும் வழக்கம் நமக்கும் உள்ளதால், உயிரியலாளரை மட்டும் குறைகூறுவதற்கில்லை.

இன்னொரு பெயர் இதனினும் தீங்கானது. போல் மக்லீன் மனித மூளையை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, அடித்தளத்தில் 'ஊர்வன மூளை'யை வைத்தார். 1990-இல் வெளிவந்த அவரது பெருநூல் அக்கொள்கையை விரித்துரைத்தது. வன்முறை, காமம், எல்லைப்பூசல் யாவும் நம்முள் வாழும் பல்லியின் வேலை. பகுத்தறிவு மேலடுக்கின் வேலை என்னும் இக்கருத்து வெகுசன ஊடகங்களுக்கு மிக உவப்பானதாயிற்று. போரும் சுரண்டலும் சமூக உறவுகளிலிருந்து எழுவன என்று கூறுவதைவிட, அவற்றைப் பல்லியின் தலையிற் கட்டிவிடுவது ஆளுவோருக்கு வசதியன்றோ? ஒப்பீட்டு மூளையியலாளர் இவ்வடுக்குக் கொள்கையை இன்று ஏற்பதில்லை. எட்டாம் எழுத்தின் வரலாறும் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது. நம்முள் பழைய பல்லி எதுவும் உறங்கவில்லை. பல்லி தன் கிளையில் தன் பாடத்தை எழுதிச் சென்றுள்ளது, நாம் நமது கிளையில்.

கில்லமினின் ஆய்வுகூடத்தில் 1975 முதல் 1977 வரை தங்கியிருந்து, விஞ்ஞானிகளை இனக்குழுவினரைப் போல அவதானித்த புரூனோ லத்தூரின் ஆய்வையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஸ்டீவ் வுல்காருடன் அவர் 1979-இல் வெளியிட்ட நூல், ஆய்வுகூடத்தை எழுத்தும் பதிவுகளும் உற்பத்தியாகும் இடமாகக் காட்டியது. இலக்கிய மாணவராகிய நமக்கு இது கவர்ச்சியான பார்வையே. ஆனால் கருவிகள் வரையும் கோடுகளையும் கட்டுரைகளையும் கண்ட அளவுக்கு, அவற்றுக்குப் பின்னால் நின்ற கசாப்புக்கூடத்தையும் கூலியுழைப்பையும் அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை. உண்மை சமூகத்தில் ஆக்கப்படுகின்றது என்பதை ஒப்புக்கொள்வோம். அச்சமூகத்துக்கு வர்க்கங்கள் உண்டு என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

பாடபேதங்களின் பயன் எங்கே சென்றது என்பதும் நோக்கத்தக்கது. ஆறாம் எழுத்தை மாற்றிச் செய்யப்பட்ட செயற்கை வடிவங்கள் இயற்கை ஓமோனைவிட வலியவை. ஆனால் உடலில் அவை இடையறாது இருந்தால் கபச்சுரப்பி தூண்டப்படுவதற்கு மாறாக அடங்கிப்போகின்றது. ஓமோன் துடிப்புத் துடிப்பாக வரும்போதே தூண்டும், தொடர்ந்து வந்தால் அடக்கும் என்பதைக் குரங்குகளில் எர்னஸ்ட் நொபிலின் குழு 1978-இற் காட்டியது. அளவு பண்பாக மாறும் இயங்கியல் விதிக்கு எங்கெல்ஸ் அறிந்திராத உதாரணம் இது. இவ்வடக்கும் பண்பே முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. 1985-இல் லியூப்ரோலைட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சமன் வடிவத்தைத் திருத்திச் செய்த மருந்து இந்தியக் குஞ்சு பொரிப்பு நிலையங்களில் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்கின்றது. அங்கு அதற்கு முன்னர், ஹிராலால் சௌதுரி 1957-இல் வெற்றிகரமாகக் காட்டிய கபச்சுரப்பிச் சாற்று முறையே கையாளப்பட்டது. மீனின் பாடம் மீனவருக்கும் வணிகருக்கும் பயன்பட்டது. ஊர்வனவற்றின் பாடம் அவ்வாறு விலைபோகும் மருந்து எதனையும் தரவில்லை. அறிவை மட்டுமே தந்தது. இலாபத்தை அளவுகோலாகக் கொண்ட ஆய்வுநிதியில் அவ்வறிவு இரண்டாந்தரமாகவே எண்ணப்படும்.

ஆயினும் ஓணானுக்கு ஆய்வாளர் கிடைத்தனர். கர்நாடகத்தின் தார்வாட்டில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சீனிவாஸ் சைதாபூர், பாக்யஸ்ரீ ஷான்பாக் ஆகியோர், நம் வேலிகளிலும் காணப்படும் அதே ஓணான் இனத்தின் இனப்பெருக்கச் சுழற்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். தார்வாட்டில் மழை தென்மேற்குப் பருவக்காற்றோடு ஜூன் மாதத்திற் தொடங்குகின்றது. ஓணானின் இனப்பெருக்கக் காலமும் அம்மழையை ஒட்டியே அமைகின்றது. தண்ணீரூற்றுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபருக்குப் பின்னரே நிலம் நனைகின்றது. ஜூன் மாதத்திற் குளங்கள் வற்றிக் கச்சான் காற்று வீசும். ஓர் இனம், இரு பருவமழைகள். மூளையிலிருந்து புறப்படும் ஓமோன் எதற்குச் செவிசாய்க்கின்றது? மழைக்கா, மழையோடு பெருகும் பூச்சிகளுக்கா, பகலின் நீளத்துக்கா, வெப்பத்துக்கா? தார்வாட்டில் இவை யாவும் ஒரே காலத்தில் ஒன்றையொன்று தொட்டு வருவதால் பிரித்தறிதல் கடினம். வன்னியில் நீண்ட பகலும் பெருமழையும் வெவ்வேறு மாதங்களில் வருகின்றன. வினாவைத் தெளிவாக வினவுவதற்கு உகந்த நிலம் இது.

அதற்கு வேண்டியது கோடிக்கணக்கான பணமன்று; ஒரே வேலியை ஆண்டுதோறும் ஒரே கண்கள் தொடர்ந்து பார்த்துவரும் வசதி. அவ்வசதியே இவ்வூருக்கு மறுக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2008-இன் இறுதியிலும் 2009-இலும் போர் நெருங்கிவந்தபோது எஞ்சிய மக்களும் வீடுவாசலை விட்டு ஓடினர். மீண்டு வந்தவர்கள் காடுபற்றிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கி மறுபடியும் கதியால் நாட்டினார்கள். முதல் மழை விழுந்த சில நாட்களில் அக்கதியால்கள் துளிர்த்தன. சிவந்த கழுத்தோடு ஆண் ஓணான்கள் அவற்றின்மேல் ஏறித் தலையசைக்கத் தொடங்கியது எந்த மாதம் என்பதை, அவ்வளவுகளில் வாழ்வோரிடமே முதலிற் கேட்டறிதல் வேண்டும்.